ஸ்டேவ்லி குடும்பம் படத்தை விட்டுப் போன வரலாறு

கெல்லிங்கம் மாளிகையின் இசைக்கூடத்தில் மாட்டியிருந்த, வர்ணத்தில் தீட்டிய குடும்பப் படத்திலிருந்து முதலில் எழுந்து போனவர் சர் காட்ஃப்ரி ஸ்டேவ்லி. பதினொரு வருடங்களுக்கு முன்பு, மே மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டே கால் மணிக்கு அது நடந்தது. லெஸ்டரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் அப்போதுதான் பியானோவில் ஒரு வால்ட்ஸை வாசித்து முடித்திருந்தார். சர் காட்ஃப்ரி மடியிலிருந்த செய்தித்தாளை மடித்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், சட்டத்தின் கீழ்விளிம்பில் ஒரு காலை ஊன்றிக் கம்பளத்தில் இறங்கினார். நூற்று அறுபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு முழங்கால் நன்றாகவே மடங்கியது. பார்வையாளர்களுக்கென்று போட்டிருந்த சணல் விரிப்பின் மீதே நடந்து, அம்புக்குறி காட்டிய வழியில் மாடியிறங்கி, பரிசுக் கடை வழியாக வெளியே போனார். வேறு வழியாக வெளியேற அந்த மாளிகையில் யாருக்கும் அனுமதி கிடையாது. கடையில் நின்று ஒரு லாவண்டர் பையை முகர்ந்து பார்த்தார், விலைச்சீட்டைப் படித்தார், பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார் என்று கடையில் இருந்த டோரீன் சொன்னாள். நாயை அவர் கூட்டிப் போகவில்லை.

மாளிகையை நடத்தும் அறக்கட்டளை லண்டனிலிருந்து இரண்டு நிபுணர்களை அனுப்பியது. அவர்கள் படத்தில் காலியாகிவிட்ட நாற்காலியைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, அறையின் ஈரப்பதம் ஐம்பத்தெட்டு சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். படத்தின் கீழே ஓர் அட்டை வைக்கப்பட்டது: ‘சர் காட்ஃப்ரி தற்சமயம் படத்தில் இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ அந்த ஊர் ஜனங்களுக்கு அது போதும். ரயில் வராவிட்டாலும் சரி, ரட்சகர் வராவிட்டாலும் சரி, அட்டையில் யாராவது வருத்தம் தெரிவித்திருந்தால் படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எதையும் நேராகச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. பழைய நாற்காலியில் உட்காராதே என்று சொல்லக் கூச்சப்பட்டு, காய்ந்த முள்பூ ஒன்றை இருக்கையில் வைத்துவிடுவார்கள். துணிந்தவன் உட்காரட்டும் என்று. கெல்லிங்கத்தில் பதினேழு நாற்காலிகளில் முள்பூ இருந்தது. முள் இல்லாத ஆசனம் ஒன்றே ஒன்று, இசைக்கூடத்துப் பியானோவின் முன்னால் கிடந்த ஸ்டூல். பியானோவின் மேல் ஒரு சின்ன அட்டை: ‘தயவுசெய்து என்னை வாசியுங்கள்.’

அந்த அட்டைக்குப் பக்கத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஹெஸ்டர் பார்ஜிட்டர் உட்கார்ந்திருந்தாள். சம்பளமில்லாத அறைக்காவல். முப்பத்துநான்கு வருடம் ஒரு நகர மன்றத்தில் கார் நிறுத்த அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்று, இந்த வேலைக்கு வந்தவள். கல்யாணம் ஆகவில்லை. பூனையும் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் ஓர் இளப்பம். குளிர்காலத்தில் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் சூடான உருளைக்கிழங்கைப் போல அதை எப்போதும் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். பியானோவை நோக்கி ஒருவர் நடந்து வரும்போதே அவர் எப்படி வாசிப்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் பழகும் அந்த ஜெர்மன் பியானோப் பாட்டின் முதல் ஒன்பது சுரங்களை மட்டும் வாசித்துவிட்டு, மீதியும் தெரிந்தவர் போல எழுந்துவிடுகிறவர்கள்தான் பாதிப் பேர். ‘தொட்டுப் பல வருசம் ஆச்சு’ என்று முன்ஜாமீன் வாங்குகிறவர்கள் அனைவரும் போன வாரம்தான் தொட்டிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர்கள் ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்து யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சாகாமல் கிடக்கும் ஒரு கிழட்டுப் பிராணியை வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு உதை உதைத்துவிட்டுப் போவது போல அவளுக்குத் தோன்றும். வாசித்து முடித்தவர் திரும்பிப் பார்த்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெல்லச் சிரித்து, “ரொம்ப அழகா இருந்துச்சு” என்பாள். அத்தனை பேரிடமும் அதே மூன்று சொல், அதே சிரிப்பு. பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து உண்மையை எழுதுவாள். ‘பல் மருத்துவர், லெஸ்டர். வால்ட்ஸ். துளை போடுவது போல.’

சர் காட்ஃப்ரி போனபோது ஹெஸ்டருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தன் காதுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதாக நினைத்தாள். தினம் இருபது பேர் வாசித்தார்கள், அதற்காகத் தினம் ஒருவர் எழுந்து போய்விடவில்லை. படத்தில் இருப்பவர்களின் பொறுமை வர்ணம் காய்வதைப் போல மெதுவாகத்தான் தீரும். அடுத்த வருடம், ஒரு வங்கி அதிகாரியும் மனைவியும் நான்கு கையால் ஓர் அணிவகுப்புப் பாட்டை வாசித்து முடித்ததும் கர்னல் மாமா இறங்கிப் போனார். அதற்கடுத்து இரண்டு மகன்கள், சேர்ந்தே. மழையில்லாமல் புல்வெளி முழுக்கப் பழுத்துப்போன வருடம் மூன்று மகள்களும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். நாரிச் பேருந்தில் ஏறியதைப் பார்த்ததாகத் தோட்டக்காரர் சொன்னார். ஒவ்வொரு முறையும் அட்டையில் பெயர் சேர்க்கப்பட்டது. லேடி அகஸ்டா போனது மட்டும் ஹெஸ்டருக்குப் புரியவில்லை. அன்று வாசித்தவள் பக்கத்துக் கோழிப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒரு போலந்துப் பெண். அவள் வாசித்தது நன்றாக இருந்தது. நன்றாக என்றால், ஹெஸ்டர் தன் நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தாள். வழக்கமான சிரிப்போடு வழக்கமான மூன்று சொல்லைச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டே நிமிடத்தில் லேடி அகஸ்டா விசிறியை மூடிக்கொண்டு இறங்கிவிட்டாள். சீமாட்டிக்குச் சங்கீத ஞானம் கிடையாது என்று ஹெஸ்டர் முடிவு கட்டினாள். பியானோவின் அடியில் காலால் அழுத்தும் பெடலைக் குறித்து நோட்டில் ‘கால்மிதி அதிகம்’ என்று எழுதினாள். கால்மிதி அதிகமில்லை.

கடைசியில் படத்தில் மிச்சமிருந்தது டபிதா ஃபென். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க அமர்த்தப்பட்டவள். இடது ஓரத்தில், பாதித் தோள் சட்டத்தோடு வெட்டுப்பட்டு, படத்துக்குள் இருக்கும் அதே பியானோவின் பின்னால் நின்று, இசைத்தாளைத் திருப்பக் கை நீட்டியிருப்பாள். வழிகாட்டிப் புத்தகம் அவளை ‘மற்றும் ஒருவர்’ என்று குறிப்பிட்டது. பெயரை ஒரு பழைய கடிதக்கட்டில் தேடிக் கண்டுபிடித்தவள் ஹெஸ்டர்தான். டபிதாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும். இருபத்தாறு வயதில் இருக்கக் கூடாத ஒரு சலிப்பு வாயோரத்தில் இருந்தது. யாராவது தப்பான கட்டையைத் தட்டும்போது ஹெஸ்டர் நிமிர்ந்து படத்தைப் பார்ப்பாள். டபிதாவும் பார்ப்பாள். பதினொரு வருடம் இப்படியே போயிற்று. ஹெஸ்டரின் வாழ்க்கையில் சிநேகம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குள்ளும் அந்தச் சொல்லால் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து மாளிகை திறந்தபோது டபிதா தொப்பி அணிந்திருந்தாள். மே மாதம் தொப்பி நாடாவின் முதல் முடிச்சைப் போட்டாள். ஜூன் கடைசியில் முடிச்சு முழுதாகி, ஒரு காலணியின் நுனி சட்டத்துக்கு வெளியே, சுவர்க் காகிதத்தின் மேல் நிழல் விழும்படி நீண்டிருந்தது. ஹெஸ்டர் மாளிகை மேலாளர் நைஜல் ஃப்ராமிடம் போனாள்.

“அந்தப் பியானோ அட்டைய ஒரு மாசத்துக்காவது எடுத்துரலாமா, நைஜல்?”

“ஐயோ ஹெஸ்டர், கருத்துப் படிவத்துல ஜனங்க முதல்ல எழுதுறதே பியானோவப் பத்தித்தான். அதையும் எடுத்துட்டா ஒழுகுற கூரையத்தான் காட்டணும்.”

“அவ தொப்பி போட்டுட்டா.”

“பாத்தேன். பொருத்தமாத்தான் இருக்கு.” நைஜல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கெட்ட செய்தி சொல்லுமுன் அவர் எப்போதும் அதைத் துடைப்பார். “நானே சொல்லணும்னு இருந்தேன். அவளும் போயிட்டா அக்டோபரோட அந்த அறைய மூடச் சொல்லி மேலேருந்து எழுதிட்டாங்க. பியானோ கிடங்குக்குப் போயிரும். டீ அறைக்கு இடம் பத்தலையாம்.”

“நாய் இருக்கே.”

“நாய்க்காக வர்றவங்க நிஜ நாயக் கூட்டிட்டு வருவாங்க, ஹெஸ்டர். படத்து நாயப் பாக்க எவன் வருவான்?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க அந்த அறைய எவ்வளவு அழகாப் பாத்துக்கறீங்க. எல்லாரும் சொல்றாங்க” என்றார்.

அவர் சிரித்த சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினம் இருபது தடவை அதைக் கொடுப்பவள் அவள். வாங்கிக்கொள்ளும்போது வேறு மாதிரி இருந்தது.

அதன் பிறகு ஹெஸ்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். பியானோ பக்கம் வருகிறவர்களிடம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரங்களின் வயதைச் சொன்னாள். அதையும் மீறி உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று, முதல் வரியிலேயே குறுக்கிட்டு, “ரொம்ப அழகா இருந்துச்சு! ரொம்பவே அழகு!” என்றாள். பாராட்டு கிடைத்ததும் சிலர் எழுந்தார்கள். சிலர் இன்னொரு பாட்டைத் தொடங்கினார்கள். ஜூலை முதல் வாரத்தில் டபிதாவின் ஒரு கால் முழங்கால் வரை வெளியே தொங்கியது.

இரண்டாவது வாரம் ஹெஸ்டருக்குக் குரல் போயிற்று. ஜலதோஷமாக ஆரம்பித்து, சனிக்கிழமை காலையில் காற்று மட்டும் வந்தது. மாற்று ஆள் இல்லையென்பதால் வந்துதான் ஆக வேண்டும். கழுத்தில் ஓர் அட்டை தொங்கவிட்டார்கள்: ‘குரல் இல்லை. கேள்விகளை அடுத்த அறையில் கேட்கவும்.’ அன்று மதியம் லென் கட்மோர் வந்தார். சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கை இரண்டும் ரொட்டி அடுப்பில் வைத்து எடுத்தவை போல இருந்தன. ஸ்டூல் முனகியது. இருபத்தைந்து நிமிடம் நான்கு பாட்டு வாசித்தார். அப்படியொரு மோசத்தை அந்த அறை கேட்டதில்லை. வலது கை ஒரு ஊருக்குப் போனது, இடது கை சரக்கு இறக்க நின்றுவிட்டது. ஹெஸ்டர் படத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுது. எப்படி இருந்துச்சு, ராசாத்தி?” என்றார் லென்.

அவள் கழுத்து அட்டையைக் காட்டினாள்.

“படிச்சேன், படிச்சேன். மூஞ்சி இருக்குல்ல? அது போதும்.”

தலையைச் சாய்க்க நினைத்தாள். சிரிக்கவும் நினைத்தாள். ஆனால் அந்த மூன்று சொல் இல்லாமல் சிரிப்பு நிற்கவில்லை. சட்டை மாட்டாத ஆணியைப் போல வெறுமனே கோணிக்கொண்டு நின்று, அதுவும் கழன்று விழுந்தது. அதன் கீழே இருந்த முகத்தை லென் பார்த்தார்.

“அதானே!” தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “முப்பது வருசமா எங்க கிளப்புல வாசிக்கிறேன். ஒரு பய வாயத் தொறந்து சொல்லல. அருமை லென், அருமை லென்னுட்டு ஆளுக்கொரு பியர வாங்கிக் குடுத்து எழுப்பி விட்டுருவானுங்க. என் பொண்டாட்டி மட்டும், நீ போ, நான் டீ அறையிலயே இருக்கேன்னு உக்காந்துட்டா. சரி சொல்லு, எந்த இடம் ரொம்ப கேவலம்?”

ஹெஸ்டர் அவருடைய இடது கையைச் சுட்டினாள்.

“அது பிரேக்குப் புடிச்ச மாதிரி இழுக்கும். எனக்கே தெரியும்.” மறுபடி வாசித்தார். மோசம்தான். கொஞ்சம் குறைந்த மோசம். அப்போது ஹெஸ்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன ஓசை கேட்டது, பட்டுத் துணியைப் பட்டின் மேல் இழுப்பது போல. திரும்பினாள். டபிதா நாடாவின் முடிச்சை ஒரு சுற்று அவிழ்த்திருந்தாள்.

குரல் திரும்ப எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளில் ஹெஸ்டரின் முறை நான்கு தடவை வந்தது, எழுபத்திரண்டு பேர் வாசித்தார்கள், ஒருவர்கூடத் தேறவில்லை. டபிதாவின் கால் சட்டத்துக்குள் போயிற்று. தொப்பி நாடாவோடு அவள் கைக்கு வந்தது. ஹெஸ்டர் வீட்டில் உட்கார்ந்து நோட்டுப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். யார் வாசித்தார், எந்த ஊர், என்ன பிழை என்று எல்லாம் இருந்தது. தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரும் ஓடிய அன்று ஒரு கல்லூரிப் பையன் வாசித்தது மிகக் கேவலம்; படத்திலிருந்து யாரும் போகவில்லை. போலந்துப் பெண் வாசித்தது நன்றாக இருந்தது; லேடி அகஸ்டா போனாள். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மூன்று சொல். ஒவ்வொருவரும் எழுந்து போனது வாசிப்புக்குப் பிறகல்ல, அந்தச் சொற்களுக்குப் பிறகு.

அந்தச் சிரிப்பை அவள் எங்கே வாங்கினாள் என்பதும் அவளுக்குத் தெரியும். பத்தொன்பதாவது வயதில், லண்டனில் ஓர் இசைக் கல்லூரியின் தேர்வு அறை. மூன்று பேர் மேசைக்குப் பின்னால். அவள் வாசித்து முடித்ததும் நடுவிலிருந்தவர் தலையைச் சாய்த்து, “ரொம்ப அழகா இருந்துச்சு, மிஸ் பார்ஜிட்டர்” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயில் ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் நாள் தபாலில் இரண்டு வரி வந்தது. தேறவில்லை என்பதைவிட, எந்த இடத்தில் தவறு என்று யாரும் சொல்லாததுதான் அவளை மூடிப் பூட்டியது. அதன் பிறகு நாற்பத்தொன்பது வருடம் அவள் ஒரு கட்டையையும் தொட்டதில்லை. வாங்கிய சிரிப்பை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

வியாழக்கிழமை, ஐந்து மணிக்குக் கடைசிப் பார்வையாளர்கள் போன பிறகு, மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் நிறைய இருந்தபோது, அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தேர்வில் வாசித்ததையே வாசித்தாள். முதல் வரி ஞாபகம் இருந்தது. இரண்டாவது வரியில் விரல்கள் நகர மன்றத்து முத்திரைக் கட்டையைக் குத்துவது போலக் குத்தின. மூன்றாவது வரியில் நின்றாள், திரும்பத் தொடங்கினாள், மறுபடி நின்றாள். பல் மருத்துவர் இதைவிடத் தேவலை. முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்தாள். ‘தொட்டுப் பல வருசம் ஆச்சு’ என்று சொல்ல வாயெடுத்தாள். தன் விஷயத்தில் அது உண்மையும்கூட. படத்தில் டபிதா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“மோசம்” என்றாள் ஹெஸ்டர். எட்டு நாளுக்குப் பிறகு வந்த குரல், துருப்பிடித்திருந்தது.

“ஆமா, மிஸ் பார்ஜிட்டர்” என்றாள் டபிதா ஃபென். தொப்பியைப் படத்துப் பியானோவின் மேல் வைத்தாள். “மூணாவது வரியிலேர்ந்து. முதுக நிமித்துங்க. சாக்கு மூட்டை மாதிரி உக்காந்தா சாக்கு மூட்டை மாதிரித்தான் வரும்.”

அதற்குப் பிறகு ஹெஸ்டர் யாரிடமும் அந்த மூன்று சொல்லைச் சொல்லவில்லை. “தாளம் போச்சு” என்றாள். “அது கிரீச்சுன்னு கேட்டது பியானோ இல்ல, நீங்க” என்றாள். முதல் மாதம் நாற்பத்தொரு புகார் வந்தது. நைஜல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியே மெலிந்தது. இரண்டாவது மாதம் இசைக்கூடத்து வாசலில் வரிசை நின்றது. வாழ்நாளில் ஒருவரும் உண்மை சொல்லிக் கேட்டிராத ஜனங்கள், பரிசுக் கடையில் வாங்கிய ஜாம் பாட்டிலோடு, தாங்கள் மோசம் என்று கேட்டுப் போகப் பொறுமையாக நின்றார்கள். லெஸ்டர் பல் மருத்துவர் இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை, “போன தடவைக்கு இப்ப வலி கம்மி” என்று ஹெஸ்டர் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. போலந்துப் பெண்ணை ஹெஸ்டரே பண்ணை வாசலுக்குப் போய்த் தேடினாள். “அன்னிக்கு உங்க கால்மிதி சரியாத்தான் இருந்துச்சு. நான் பொறாமையில பொய் எழுதினேன்” என்றாள். “தெரியும்” என்றாள் அந்தப் பெண், கையுறையைக் கழற்றாமலே. அதோடு பேச்சு முடிந்தது. அவள் திரும்ப மாளிகைக்கு வரவில்லை.

அக்டோபரில் அறை மூடப்படவில்லை. டீ அறைக்குக் குதிரை லாயத்தில் இடம் கிடைத்தது. ஸ்டேவ்லி குடும்பம் டெர்பிஷயரில் இருப்பது நவம்பரில் தெரியவந்தது. அங்கே ஒரு மாளிகையின் உணவறையில், பன்னிரண்டு பேர் விருந்துண்ணும் படத்தில், இப்போது இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சர் காட்ஃப்ரியின் கை யாரோ ஒருவருடைய வாத்துக்கறித் தட்டில் இருக்கிறது. அந்த மாளிகையின் பியானோ பூட்டிக் கிடக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. இரண்டு மாளிகைகளும் மூன்று கடிதங்கள் பரிமாறிக்கொண்டு, அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தன. கெல்லிங்கத்தில் பழைய அட்டை எடுக்கப்பட்டுப் புதியது வைக்கப்பட்டது: ‘டபிதா ஃபென், ஆசிரியை. 1846. மற்றும் நாய்.’

வியாழன்தோறும் ஐந்து மணிக்கு மேல் இசைக்கூடத்திலிருந்து சத்தம் வரும். டோரீன் கடையைப் பெருக்கிக்கொண்டே கேட்பாள். ஒரே இடம், திரும்பத் திரும்ப, நடுவில் ஓர் இளம்பெண்ணின் திட்டு. மாளிகையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மழைநீர்க் குழாயின் சத்தம் போல அது பழகிவிட்டது. ஹெஸ்டருக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. நான்காவது வரிக்கு வந்திருக்கிறாள்.